மூக்கன் சொன்னால் சரி

அத்தியாயம் 9

பெரியவனுக்கு வாசனை தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவன் மனைவிக்குத் தெரியாது. தம்பிக்கும் தெரியாது. "நீங்களாவது அந்தப் பெண் காதில் போட்டுவிடக் கூடாதா?" என்று போன வாரம் ஒரு வாசகி உரிமையோடு கேட்டிருந்தார். போடலாம்தான். ஆனால் சொல்ல வேண்டியவன் அவன். அவனோ வாயைத் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பெரியவன் ஹோட்டல் சமையல்காரன். மழைக்காலத்தில் வந்த காய்ச்சல், போகும்போது அவன் வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் கையை விரித்தார். அதை மறைத்து, கண்ணையும் கையையும் வைத்தே சமையலை ஓட்டிக்கொண்டிருந்தவன், ஒருநாள் கெட்டுப்போன கிரீமைச் சூப்பில் கலந்து அனுப்பிவிட்டான். குடித்தவர்கள் வாந்தி எடுத்துப் படுத்தார்கள். யார் செய்தது என்று விசாரிப்பதற்குள் ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வந்துவிட்டான். வீட்டில் வந்து சொன்னது வேறு கதை.

"மேனேஜர் மரியாதை இல்லாமப் பேசிட்டான். எனக்கென்ன, வேற வேலையா கிடைக்காது?"

அவன் முன்கோபம் ஊரறிந்தது. அதனால் வீட்டில் நம்பினார்கள்.

அந்த வீட்டில் அவனுக்குப் பெயர் மூக்கன். சின்ன வயதிலேயே தெருமுனையில் நின்றுகொண்டு எந்த வீட்டில் எது அடிப்பிடிக்கிறது என்று சொல்லிவிடுவான். பால் கெட்டுவிட்டதா, மாவு பூத்துவிட்டதா, கேஸ் கசிகிறதா, எல்லாவற்றுக்கும் அவன் மூக்கருகே நீட்டினால் போதும். மூக்கன் சொன்னால் சரி. அதன்பிறகு வேறு யாரும் முகர்ந்து பார்க்க மாட்டார்கள். வருஷக்கணக்காகப் படிந்துபோன பழக்கம் அது. இன்றைக்கு அந்தப் பழக்கம்தான் அவர்கள் காலை வாரிவிட்டது.

அவன் மனைவி லாண்டரியில் வேலை செய்கிறாள். சின்னவன் "அண்ணி, அண்ணி" என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டுத் தெருவே அவளை அண்ணி என்கிறது. நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். கல்யாணமான நாளிலிருந்து அவர்களுக்குள் ஒரு விளையாட்டு உண்டு. சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றும்போதே பெரியவன் அவள் உள்ளங்கையைப் பிடித்து முகர்ந்து, அன்றைக்கு லாண்டரியில் என்ன சோப்பு போட்டார்கள் என்று சொல்லுவான். ரோஜா, எலுமிச்சை, சந்தனம். ஒருநாளும் தப்பியதில்லை. காய்ச்சலுக்குப் பிறகு அது நின்றுபோனது. "ஏன் இப்பல்லாம் என் கையை மோந்து பார்க்கறதில்ல?" என்று எந்த மனைவி வாய்விட்டுக் கேட்பாள்? அண்ணி கேட்கவில்லை. தன் மேல் அவனுக்கு ஆசை விட்டுப்போய்விட்டது என்று தானாகவே முடிவுகட்டி, யாருமில்லாத நேரத்தில் அழுதுகொண்டிருந்தாள்.

இனி, இந்த வாரத்துக்கு வருவோம்.

பட்டறைக்கு விடுமுறை. சின்னவன் காலையிலேயே ஒரு டிரம்மைத் தோளில் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்கு வந்துவிட்டான். கேட், ஜன்னல் கம்பி வேலை செய்யும் வெல்டர் அவன். அவன் மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள். பிரசவம் வரை கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. தினமும் சாயங்காலம் சின்னவன் கேரியரை எடுத்துக்கொண்டு போய், ஆஸ்பத்திரி கேன்டீனில் சாப்பாடு வாங்கி அவளுக்கு ஊட்டிவிட்டு வருவான். அப்படிப் போய்வந்த பழக்கத்தில் கேன்டீனை நடத்தும் அம்மாவிடம் அண்ணனைப் பற்றி அளந்துவிட்டிருக்கிறான்.

"புகை போட்ட கோழி செஞ்சா எங்க அண்ணன்தாம்மா செய்யணும். நீங்க ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்க."

அந்த அம்மாவும் சரியென்றுவிட்டார். இன்று சாயங்காலம் வந்து ருசி பார்ப்பார். பிடித்துவிட்டால் கேன்டீனுக்கு வாராவாரம் கோழி கொடுக்கலாம். வேலையில்லாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் பெரியவனுக்கு அது மறுவாழ்வு.

கோழிக்குப் பஞ்சமில்லை, அடுப்புக்குத்தான் பஞ்சம். கடையில் பளபளவென்று நிற்கும் புகையடுப்பின் விலையைக் கேட்டுவிட்டுச் சின்னவன் அந்தக் கடையிலேயே தண்ணீர் வாங்கிக் குடித்தானாம். அதனால்தான் பழைய இரும்புக் கடையிலிருந்து இந்த டிரம். இடுப்பளவு உயரம், பச்சை பெயிண்ட், ஒரு பக்கம் நசுங்கல்.

"இதுல என்னடா வச்சிருந்தாங்க?"

"எண்ணெய்னு சொன்னான்."

"என்ன எண்ணெய்?"

"எண்ணெய்னுதான்ணே சொன்னான். எதுவா இருந்தா என்ன? உள்ள நெருப்பு போட்டு எரிச்சா எல்லாம் போயிடும்."

வேலையில் சின்னவன் அவசரக்காரன் இல்லை. மூடின டிரம்மை வெட்டும்போது உள்ளே ஆவி தங்கியிருந்தால் வெடித்துவிடும் என்று முதலில் தண்ணீர் நிரப்பினான். பிறகுதான் மேல்பக்கத்தை வெட்டி மூடியாக்கினான். அடியில் காற்றுப் போக ஓட்டைகள். ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு துண்டுக் குழாய், அதற்குத் திருகு மூடி. மூடியைத் திருகினால் காற்று குறையும், நெருப்பு அடங்கும். பக்கவாட்டில் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட்டுகள், அவற்றின்மேல் கம்பித்தட்டு. அந்தத் தட்டும் யாரோ தூக்கிப் போட்ட பேக்கரி அடுப்பிலிருந்து வந்ததுதான். கரி போட ஒரு கம்பிக்கூடை. அதற்கு ஜி.ஐ. வலையை இரும்புக் கடைக்காரர் சும்மாவே தருகிறேன் என்றாராம். இவன் வேண்டாமென்றுவிட்டான்.

"அதுல துத்தநாகப் பூச்சு இருக்குண்ணே. சூடேறினா விஷப்புகை. நம்ம சோத்துல நாமளே விஷம் வைக்கிறதா?"

இவ்வளவு கண்கொத்திப் பாம்பாக இருந்தவன்தான் பிறகு கோட்டை விட்டான்.

டிரம்மை எரிக்க வேண்டிய விறகு முந்தின நாள் மழையில் நனைந்திருந்தது. லாண்டரியிலிருந்து அண்ணி அனுப்பிவைத்த உடைந்த மரப்பெட்டிகள். நெருப்பு பிடித்தது, ஆனால் மனமில்லாமல் பிடித்தது. வெளிப்பக்கப் பெயிண்ட் கொப்பளித்து உரிந்தது. உள்ளே மேல்பாதி வெந்து சாம்பல் நிறமானது. அடியில் மட்டும் சாம்பலுக்குக் கீழே சூடு போதவில்லை. நெருப்பு அணைந்த பிறகு கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, சோப்புப் போட்டுக் கழுவிக் கவிழ்த்தார்கள்.

சின்னவன் டிரம்முக்குள் தலையை விட்டு முகர்ந்தான். ஏதோ ஒன்று லேசாகக் குத்தியது. பெயிண்டில் கலக்கும் தின்னர் மாதிரி. ஆனால் அவன் பட்டறையில் தினமும் கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். அவன் சட்டையில் தின்னர், தலைமுடியில் தின்னர், சோற்றைப் பிசையும் கையிலும் தின்னர். எது டிரம்மின் நாற்றம், எது தன் நாற்றம் என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

"அண்ணே, நீ வந்து பாரு. எனக்கு எப்பவும் தின்னர் நாத்தம்தான். உன் மூக்கு சொன்னா முடிஞ்சுது."

பெரியவன் எழுந்து வந்தான். குனிந்து டிரம்முக்குள் தலையை விட்டு மூச்சை நன்றாக இழுத்தான். காற்று வந்தது. வெறும் காற்று. அடியில் பழுப்பாக ஒரு வளையம் தெரிந்தது. எரியாமல் தங்கிய பழைய மிச்சம் அது. இவன் கழுவின தண்ணீர்க் கறை என்று நினைத்தான்.

இன்னொரு தடவை எரிக்கலாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். ஆனால் அதற்குக் காய்ந்த விறகு தேட வேண்டும், அந்த அம்மா வந்துவிடுவார். அதைவிட, தம்பி பக்கத்தில் கைகட்டி நின்று இவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். வெகுநாளைக்குப் பிறகு யாரோ அவனை மூக்கனாக நிற்கவைத்திருக்கிறார்கள். அந்த மயக்கத்தில் விழுந்துவிட்டான்.

"சுத்தமா இருக்குடா. கரியைப் போடு."

எனக்கு இந்த இடத்தில் அவன் மேல் பற்றிக்கொண்டு வருகிறது. எழுதுகிறவள் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு மேலே போகிறேன்.

கரிக்கூடையை நிரப்பி, மேலே மட்டும் கொஞ்சம் கங்கு வைத்தார்கள். அப்போதுதான் நெருப்பு மேலிருந்து கீழே நிதானமாக இறங்கும். கரியின் நடுவே உலர்ந்த மரத்துண்டுகள். முதலில் குபுகுபுவென்று வெள்ளைப் புகை வந்தது. பெரியவன் கோழியை உள்ளே வைக்க விடவில்லை.

"பொறு. இந்தப் புகை கசக்கும். மெலிசா, நீலமா வரணும். அப்பதான் வைக்கணும்."

கண்ணால் பார்க்கிற வேலையில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. புகை நீலமானதும் உப்பில் ஊறிய கோழிகளைத் தட்டில் வைத்தான். மூடியில் செருகிய தெர்மாமீட்டரைப் பார்த்துப் பார்த்துக் கீழே குழாய் மூடிகளைத் திருகினான். முகத்தில் பழைய களை வந்துவிட்டது. சின்னவனுக்குக் கண் நிறைந்தது.

"அவளுக்கும் ஒரு துண்டு எடுத்துட்டுப் போகட்டுமா அண்ணே? கேன்டீன் சாப்பாடே சாப்பிட்டு நாக்கு செத்துப்போச்சுங்கறா."

"டாக்டரைக் கேட்டுட்டுக் குடுடா. வயித்துப் பிள்ளைக்காரி."

நெருப்பு கீழே இறங்க இறங்க, டிரம்மின் அடிப்பகுதி காய்ந்தது. மாடி வீட்டு ஜன்னல் படாரென்று மூடிக்கொண்டது.

"என்னப்பா, பெயிண்ட் அடிக்கிறீங்களா?" என்று உள்ளிருந்து ஒரு குரல்.

சின்னவன் அண்ணனைப் பார்த்தான். "எனக்கும் ஒரு மாதிரிதான் அடிக்குது."

"புது அடுப்பு முதல் நாள் அப்படித்தான்டா இருக்கும்."

மூக்கன் சொன்னால் சரி.

அண்ணி வேலை முடிந்து வரும்போது தெருவிலேயே அந்த நெடி அவளைப் பிடித்துக்கொண்டது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்கட்டுக்கு வந்தாள். அங்கே பெரியவன் கோழியை வெளியில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தான். பார்க்க அவ்வளவு அழகு. தோல் சிவந்து, பளபளத்து, தொட்டால் எலும்பிலிருந்து கழன்றுவிடும் பதம். கடைக் கண்ணாடியில் வைத்தால் வரிசையில் நிற்பார்கள்.

"வா, வா. அந்த அம்மா வர்றதுக்குள்ள நாம பார்த்துடுவோம்" என்று பிய்த்து ஆளுக்கொரு துண்டு கொடுத்தான். தானும் ஒரு துண்டை வாயில் போட்டான்.

அண்ணி ஒரு கடிதான் கடித்தாள். வாயெல்லாம் பெயிண்ட். குமட்டிக்கொண்டு வந்தது, கையிலேயே துப்பிவிட்டாள். சின்னவன் குழாயடிக்கு ஓடினான். அடிவயிற்றிலிருந்து ஓங்கரித்தான்.

பெரியவன் இவர்கள் பக்கம் பார்க்கவே இல்லை. கண்ணை மூடி நிதானமாக மென்று விழுங்கினான்.

"உப்பு ஒரு கல்லு தூக்கல். மத்தபடி நல்லா வந்திருக்கு, இல்ல?"

கண்ணைத் திறந்தான். மனைவி கையில் துப்பின துண்டோடு நிற்கிறாள். தம்பி குழாயடியில் வாயைத் துடைத்துக்கொண்டு நிற்கிறான். இருவரும் அவனையே பார்க்கிறார்கள்.

"என்ன, என்ன ஆச்சு?"

அண்ணி துண்டைக் கீழே போட்டாள். மெதுவாக அவனருகே வந்து, மற்றக் கையின் உள்ளங்கையை அவன் மூக்கருகே நீட்டினாள்.

"இன்னிக்கு என்ன சோப்பு?"

"இப்ப எதுக்கு அது?"

"சொல்லுங்க. என்ன சோப்பு?"

அவன் கையைப் பிடித்து முகர்ந்தான். நேரம் எடுத்துக்கொண்டான். "எலுமிச்சை."

"நான் இன்னிக்கு சோப்பையே தொடலைங்க. காலையிலேர்ந்து ப்ளீச் தொட்டியிலதான் நின்னேன். பஸ்ஸுல பக்கத்துல இருந்தவ எழுந்து வேற இடத்துக்குப் போயிட்டா."

பெரியவன் அவள் கையை விடவில்லை. தலை குனிந்தது.

"எப்பலேர்ந்து?"

"காய்ச்சல்லேர்ந்து."

இதைக் கேட்டதும் அண்ணி சிரித்தாள். நம்புங்கள், சிரித்தாள். "அப்ப நான் கசந்துபோகலையா? நான்... நான் என்னென்னவோ நினைச்சேன்." சிரிப்பு பாதியிலேயே உடைந்து அழுகையானது. இத்தனை நாள் தனக்குத்தானே வைத்துக்கொண்ட பாரம் இறங்கிய நிம்மதி ஒரு பக்கம். அதே மூச்சில் அவன் இழந்தது என்னவென்று புரிந்த துக்கம் இன்னொரு பக்கம். அவன் நெஞ்சில் நெற்றியை வைத்துக்கொண்டு விம்மினாள். ப்ளீச் நாறும் கையால் அவன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

சின்னவனுக்கு அந்த நிம்மதிகூட இல்லை.

"காலையில தலையை விட்டு மோந்து பார்த்தியே அண்ணே. சுத்தமா இருக்குன்னு சொன்னியே."

"சுத்தமா இருக்கும்னு நினைச்சேன்டா."

"ஹோட்டல்ல என்ன நடந்துச்சு? மேனேஜர் பேசினான்னு சொன்னது?"

பெரியவன் சொன்னான். கிரீம், சூப், வாந்தி, ஆணியில் மாட்டிய ஏப்ரன். ஒன்றையும் மறைக்கவில்லை. அண்ணி அவன் நெஞ்சிலிருந்து முகத்தை எடுத்துக்கொண்டு கேட்டாள்.

"அவங்களுக்கு இப்ப எப்படி இருக்கு?"

"தெரியல. நான் கேட்கல."

அதைக் கேட்டுச் சின்னவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வாசலில் ஹாரன் அடித்தது. கேன்டீன் அம்மா வந்துவிட்டார். குடையும் கையுமாக நேரே பின்கட்டுக்கே நடந்து வந்தவர், இரண்டடி முன்னால் நின்று மூக்கைச் சுருக்கினார்.

"என்ன தம்பி, தின்னரா?"

சின்னவன் முந்திக்கொண்டான். "டிரம் என்னோட தப்பும்மா. சரியா எரிக்கல. கோழி வீணாப்போச்சு. மன்னிச்சிடுங்க."

என்ன இருந்தாலும் அண்ணன். விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

"போகட்டும், கோழிதானே. இன்னொரு நாள் பார்த்துக்கலாம்." அந்த அம்மா பெரியவனைப் பார்த்தார். "நீதானா மூக்கன்? உன் தம்பி தினமும் கேரியரை நீட்டிக்கிட்டு உன் மூக்கைப் பத்தித்தான் பேசுவான். நான் வந்ததே கோழிக்காக மட்டும் இல்லப்பா. எனக்கு மார்க்கெட்டுக்குப் போயிட்டு வந்தவன் வேலையை விட்டு நின்னுட்டான். மீனு, கறி எல்லாம் பார்த்து எடுக்க ஒரு ஆள் வேணும். கண்ணால பார்த்தா எல்லாம் நல்ல மீன்தான், ஐஸைப் போட்டு ஏமாத்திடுறானுங்க. வார்டுக்குப் போற சாப்பாடு. எனக்கு மூக்கு உள்ள ஆளு வேணும். மாசச் சம்பளம். நாளைக்குக் காலையில வர்றியா?"

சின்னவன் அண்ணனைப் பார்த்தான். அண்ணி கணவனைப் பார்த்தாள். பெரியவன் டிரம்மைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்தான்.

"வரேம்மா."

அண்ணி வாயைத் திறந்தாள். லாண்டரியில் யாராவது ஒரு கறையை மறைத்தால்கூடச் சத்தம் போடுகிறவள் அவள். ஆனால் எத்தனையோ நாளாக அவள் பார்க்காத ஒன்று அவன் முகத்தில் இருந்தது. அவன் கண்ணாலேயே கெஞ்சினான். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"நல்லதுப்பா" என்று அந்த அம்மா குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

"முதல் நாள் மட்டும் போயிட்டு வரேன்" என்றான் பெரியவன் யாரையும் பார்க்காமல். "செதிலைப் பார்த்தா தெரியும். கண்ணைப் பார்த்தா தெரியும். அமுக்கிப் பார்த்தா தெரியும். இதுக்குப் போய் மூக்கு எதுக்கு?"

"பார்த்துக்கலாம் தம்பி" என்றாள் அண்ணி சின்னவனிடம். அவள் குரல் அவளுக்கே பிடிக்கவில்லை.

சின்னவன் வாளித் தண்ணீரைத் தூக்கி டிரம்முக்குள் கொட்டினான். புஸ்ஸென்று சாம்பல் கிளம்பி மூன்று பேர் மேலும் படிந்தது. உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு, சமையலறை மேடையில் கவிழ்த்து வைத்திருந்த கேரியரை எடுத்துக்கொண்டு வந்தான். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் நேரம். வாசல்வரை போனவன் திரும்பி வந்து, அந்தக் காலிக் கேரியரை அண்ணன் கையில் வைத்தான்.

"இதுல சாப்பாடு எங்கேர்ந்து வருதுன்னு உனக்குத் தெரியும். அதைச் சாப்பிடறது யாருன்னும் தெரியும். இதைக் கையில வச்சுக்கிட்டு இன்னொரு தடவை சொல்லுண்ணே. நாளைக்குப் போறேன்னு சொல்லு."

பெரியவன் கேரியரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். என்ன செய்கிறோம் என்று தெரியாமலே கிளிப்பைத் தளர்த்தி மேல்தட்டைத் திறந்தான். பிறகு, இத்தனை வருஷப் பழக்கம், அதை மூக்கருகே கொண்டுபோனான்.